ஏழு மணி நேர ஞாபகம்

"அதிர்வு பதிவாகியுள்ளது!"

காருக்குள்ளிருந்து அந்தக் கேமரா கீச்சுக்குரலில் கத்தியதும், முன்கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண் திடுக்கிட்டுப் பின்னால் துள்ளினாள். துள்ளியவள் வந்து மோதியது கிசோக்கின் மேல். அவன் கையிலிருந்த டோஃபு பொட்டலம் தரையில் விழுந்து, மழைத் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகச் சிதறியது.

"ஐயையோ... சாரிங்க... ரொம்ப சாரி..."

"சாரி எனக்கா, டோஃபுவுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"இது என் வண்டி. உள்ள அப்படி என்ன தேடுறீங்க? திருடற ஐடியா இருந்தா இப்பவே சொல்லிடறேன்... உள்ள ஒரு ஓட்டைக் குடையும் பாதி சூயிங்கமும்தான் இருக்கு."

"இந்த டப்பாவைத் திருடி நான் என்ன பண்ணப்போறேன்?"

"டப்பாவா! ஏங்க, வாய்க்கு வந்தபடி பேசாதீங்க. வண்டி என் சொந்தக் காசு."

அவள் தலையைச் சாய்த்து அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். கிசோக்குக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவனுடைய முப்பத்திரண்டு வயதுக்குள் எந்தப் பெண்ணும் இவ்வளவு பக்கத்தில் நின்று இப்படிப் பார்த்தது இல்லை. அவளுடைய இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பெரிய கண்கள்... ஆனால் ஓரமெல்லாம் சிவந்து, இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"உங்க மூக்குக் கண்ணாடி இடது பக்கம் சாஞ்சிருக்கு. தலை வலிக்கலையா?" என்றாள்.

"வலிக்கும்தான். அது டிரைவிங் ஸ்கூல்ல வேலை பாக்கறதால வர்ற வலின்னு நெனச்சேன்."

"நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறேன். சாஞ்சதைப் பார்த்தா எனக்குக் கை துறுதுறுங்கும்." அவள் உதடு லேசாக விரிந்தது. சிரிப்பு வரும் என்று அவன் காத்திருந்தான். வரவில்லை. "என் பேர் போராம். வாட்ச்மேன் தோ பியோங்சுவோட பொண்ணு."

கிசோக்கின் வாயில் தயாராக இருந்த அடுத்த கிண்டல் அப்படியே செத்துப்போனது.

செவ்வாய்க்கிழமை நடந்தது ஹேசோங் அடுக்ககம் முழுக்கத் தெரியும். தென்கொரியாவின் இன்ச்சோனில் பழைய கட்டடங்கள் எல்லாவற்றிலும் உள்ள தலைவலிதான் இங்கேயும். வீடுகள் அதிகம், நிறுத்த இடம் குறைவு. தாமதமாக வருகிறவர் மற்ற வண்டிகளுக்குக் குறுக்கே நிறுத்துவார். கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை விட்டுவிட்டு மேலே போய்த் தூங்குவார். காலையில் யாருக்கு வழி வேண்டுமோ அவர் கையால் தள்ளிக்கொள்ள வேண்டியது. பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், யாரும் தப்பென்று நினைப்பதில்லை. மூன்றாவது பிளாக் பக்கம் மட்டும் தரை கொஞ்சம் சரிவு. அங்கே டயருக்கு ஒரு செங்கல் வைக்க வேண்டும். அன்றைக்கு ஒரு பெரிய வண்டிக்குச் செங்கல் இல்லை. தள்ளப்பட்ட வண்டி நிற்காமல் உருண்டது. தடுக்கப்போன வாட்ச்மேன் பியோங்சு, அந்த வண்டிக்கும் சரிவில் கீழே நின்ற விலையுயர்ந்த வெளிநாட்டுக் காருக்கும் நடுவில் நசுங்கிப்போனார். இடுப்பெலும்பு நொறுங்கியது, தலையிலும் அடி.

மறுநாளே குடியிருப்போர் சங்கம் லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. 'பணி நேரம் முடிந்த பிறகு காவலாளி யாரும் கேட்காமலே, கவனக்குறைவாக, குடியிருப்போரின் வாகனத்தைத் தள்ளியதால்...' என்று அது தொடங்கியது.

"எங்கப்பாவுக்கு அன்னிக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இல்ல," என்றாள் போராம். "நோட்டீஸை யாரோ போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. அதைப் படிச்சுட்டு, தப்பெல்லாம் தன்னோடதுன்னு நம்பிட்டார். படுத்த படுக்கையா மன்னிப்புக் கடிதம் எழுதறார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்ணு... நூத்தி இருபது வீடு! எழுதி எழுதி என் கையில குடுத்து, 'போய்க் குடும்மா, குனிஞ்சு வணங்கிட்டுக் குடு'ங்கறார்." அவள் பையைத் தட்டினாள். "ஒண்ணுகூட நான் குடுக்கல. எங்கப்பா பதினோரு வருஷமா யாரும் சொல்லாம ஒரு வண்டியைக்கூடத் தொட்டதில்ல. யாரோ கூப்பிட்டிருக்காங்க... யார்னு கேமரால இருக்கும். உங்க வண்டி அன்னிக்கு இங்கதானே நின்னுச்சு?"

"நின்னுச்சு. ஆனா மேடம்... இது இருக்கறதுலயே மலிவான செட்டு. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ரெண்டும் சேர்த்து ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுதான். வண்டியை நிறுத்தினா அதுவும் தூங்கிடும்னு நெனக்கிறேன்."

"நான் தொட்டப்ப முழிச்சுக்கிச்சே?"

அவன் காருக்குள் எட்டிப் பார்த்தான். "ராத்திரிக்குள்ள பார்த்துச் சொல்றேன்," என்றான்.

அவள் கடை அட்டையின் பின்னால் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, குனிந்து நீளமாக ஒரு வணக்கம் வைத்தாள். அவன் அதற்குத் தகுதியானவன் இல்லை என்று அப்போது அவனுக்குத் தெரியாது. குடை இல்லாமல் அவள் வாசல்வரை நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஓட்டைக் குடையையாவது கொடுத்திருக்கலாமே என்று தோன்றியபோது அவள் போய்விட்டிருந்தாள்.

கேமரா தூங்கியிருக்கவில்லை. அன்று காலை யாரோ வண்டியை உரசிப்போனதில் அதுவும் விழித்திருந்தது.

காரிலேயே உட்கார்ந்து, அதன் கையகலத் திரையில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனான். செவ்வாய், காலை ஆறு மணி எட்டு நிமிடம். வாட்ச்மேன் சீருடையைக் கழற்றி, சொந்தச் சட்டையில், தோளில் பையோடு வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் போகிற நடை. அப்போது படத்துக்கு வெளியேயிருந்து ஒரு குரல்:

"ஐயா! போறதுக்கு முன்னாடி இதை மட்டும் கொஞ்சம் தள்ளிவிட்டுட்டுப் போங்க. என் வேன் உள்ள மாட்டிக்கிச்சு, மார்க்கெட்டுக்கு நேரமாச்சு."

கிசோக் ஒலியைக் கூட்டிவைத்தான். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவன் முப்பத்திரண்டு வருடமாகக் கண் விழிக்கிறான்.

பெரியவர் தயங்கினார். பையைக் கீழே வைத்தார். தள்ளினார். வண்டி நகர்ந்தது... நிற்கவில்லை. அவர் அதை விட்டுவிட்டு ஒதுங்கிக்கூட நின்றார். ஒதுங்கிய பிறகுதான் அந்தக் குரல் மறுபடியும் அலறியது:

"ஐயோ, சங்கத் தலைவரோட காரு! பிடிங்க! பிடிங்கய்யா! இடிச்சா நீங்கதான் பதில் சொல்லணும்!"

அவர் ஓடினார். அதற்குப் பிறகு நடந்ததை அவன் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டான். சத்தத்தை மூட முடியவில்லை.

மேலே போனபோது அம்மா சுனோக் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கறிவகைகள் செய்து விற்கும் சின்னக் கடை அவளுடையது. மூன்று நாளாக அதைத் திறக்கவில்லை, காய்ச்சல் என்று சொல்லியிருந்தாள்.

"டோஃபு எங்கடா?"

"அம்மா... செவ்வாய்க்கிழமை நீ வேனை எடுக்கறப்ப..."

கரண்டி கையிலிருந்து நழுவியது. அவள் மகனின் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் கேள்வியும் வேண்டியிருக்கவில்லை, பதிலும் வேண்டியிருக்கவில்லை.

"ஒரு வார்த்தைதாண்டா சொன்னேன்," என்றாள் மெதுவாக. "தினமும் எல்லாரும் சொல்றதுதானே... ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். சத்தம் கேட்டு வந்தேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் மாத்திச் சொல்ல நாக்கு எழலை."

"அவர் மன்னிப்புக் கேட்டு எழுதிட்டிருக்காரும்மா. ஒவ்வொரு வீட்டுக்கும்."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் முந்தானை வைத்து அழுகிற பழக்கம் அந்த ஊரில் இல்லை. கை துடைக்கும் துண்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். "உங்கப்பா போனப்புறம் இந்தக் கட்டடத்துல தலை நிமிர்ந்து வாழ்ந்துட்டேன்டா. உன் கையால என்னைப் போலீஸ் முன்னால கொண்டுபோய் நிறுத்திடாதே. நீ எதையும் அழிக்க வேணாம். பொய்யும் சொல்ல வேணாம். அது மலிவுச் சாமான்தானே... புதுசு வந்தா பழசு தானா போயிடும்னு நீதானே சொன்னே? நீ பாட்டுக்கு வண்டியை ஓட்டு. அது போதும்."

சொன்னவன் அவன்தான். அந்தக் கேமராவின் மெமரி அட்டையில் ஏழு மணி நேரம்தான் பிடிக்கும். நிறைந்ததும் மிகப் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதும். அவன் வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு இருபது நிமிடம். அப்படியே விட்டால் மூன்று வாரம் தாங்கும். அதற்குள் ஒரு முடிவு எடுத்துவிடலாம் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டான். கோழைகளுக்கு நாளை என்கிற சொல் எப்போதும் இனிக்கும்.

அவளுக்குப் போன் செய்தான். "பார்த்தேங்க... ஒண்ணும் இல்ல."

"பரவால்லைங்க, பார்த்தீங்களே, அதுவே பெருசு," என்றாள். "இன்னும் மூணு வண்டி பாக்கி இருக்கு. அன்னிக்கு அந்த நேரத்துல அங்க வந்துபோன வண்டிங்க. ஒருத்தர் ஆன்சான்ல, ஒருத்தர் கிம்போல, ஒருத்தர் சுவோன்ல. பஸ் பிடிச்சுப் போயிடுவேன்."

"நான் கூட்டிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு அவனே திகைத்துப்போனான். இதை யார் சொன்னது? குற்ற உணர்ச்சியா, அல்லது அந்த இமை நுனியில் தொங்கிய ஒரு துளி மழையா?

சனிக்கிழமை காலையில் அவள் கடை வாசலில் போய் நின்றான். அவள் வந்ததும் வராததுமாக, "கண்ணாடியைக் கழட்டுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"கழட்டுங்கன்னா கழட்டணும். ரெண்டு நாளா அது என் கனவுல வருது."

உள்ளே போய் இரண்டே நிமிடத்தில் நிமிர்த்திக் கொண்டுவந்தாள். அவளே மாட்டிவிட்டாள். விரல் நுனி அவன் காதோரம் பட்டது... குளிர்ந்த விரல். உலகம் நேரானது. அவள் முகம் முதல்தடவையாகக் கோணல் இல்லாமல் தெரிந்தது, இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"சீட் பெல்ட் போடுங்க மேடம். நான் வாத்தியார், மார்க் குறைச்சிடுவேன்."

"எங்கிட்ட மார்க்கைப் பத்திப் பேசாதீங்க. லைசென்ஸ் டெஸ்ட்ல மூணு தடவை ஃபெயில்."

"மூணு தடவையா!"

"மூணாவது தடவை பக்கத்துல உட்கார்ந்திருந்தவர் சிவப்பு விளக்குல கதவைத் திறந்துட்டு எறங்கிப் போயிட்டார். 'நீங்களே ஓட்டிட்டு வாங்க, நான் நடந்து வரேன், அதுதான் பத்திரம்'னு..."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிறுபிள்ளை மாதிரி, மூச்சு வாங்கி, கண்ணில் தண்ணீர் வர. அடுத்த கணம் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே அப்பா அப்படிக் கிடக்கும்போது இங்கே தனக்குச் சிரிப்பு வந்துவிட்டதே என்கிற பயம் அந்தக் கண்களில் தெரிந்தது. பிறகு வழி முழுக்க மழை மட்டும் பேசிக்கொண்டே வந்தது.

முன்கண்ணாடியில் அந்தச் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவள் சிரிப்பை அது எழுதிக்கொண்டிருந்தது. எதன் மேல் எழுதப்போகிறது என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

ஆன்சானில் பார்சல் வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "இது வெறும் கூடுங்க தங்கச்சி. உள்ள ஒண்ணும் கிடையாது. மினுக்கு மினுக்குன்னு லைட்டு மட்டும் எரியும், பார்க்கறவன் பயப்படட்டும்னு..." போகவர இரண்டரை மணி நேரம். ஞாயிறு கிம்போவில் பால் போடும் பெண்மணி இவர்களுக்கு ஆளுக்கொரு அரிசிக் கொழுக்கட்டை கொடுத்து, தன் கேமரா அட்டையை நேற்றுதான் மாற்றியதாகச் சொன்னாள். இன்னும் இரண்டு மணி நேரம். திரும்பும்போது ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிறுத்தி, கிம்பாப் சோற்றுச் சுருள்களைப் பங்கு போட்டுத் தின்றார்கள். முள்ளங்கி ஊறுகாயை அவள் ஒதுக்கி ஒதுக்கி அவன் பக்கம் தள்ளினாள்.

"பிடிக்காதா?"

"பிடிக்கும். உங்களுக்கு அதைவிட அதிகமாப் பிடிக்குதேன்னு பார்த்தேன்."

'நிறுத்துடா, இப்பவே அந்த அட்டையை உருவி இவ கையில குடு' என்று உள்ளே ஒருவன் கத்தினான். கொடுத்தால் அம்மா கூண்டில் நிற்பாள். கொடுத்தால் இந்தப் பெண் இனி முள்ளங்கித் துண்டை இவன் பக்கம் தள்ள மாட்டாள். இரண்டில் எந்தப் பயம் பெரிது என்று அவனுக்கே தெரியவில்லை. வெட்கக்கேடு! செவ்வாய்க்கிழமை சுவோனுக்குப் போனபோதும் அவன் அட்டையை எடுக்கவில்லை. அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை. கணக்குப் பார்க்கப் பயந்து, அவன் கணக்கே பார்க்காமல் இருந்தான்.

புதன்கிழமை மாலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் போராம். கையில் ஒரு பெட்டி பீச் பழம்.

"நீங்களா! இது உங்க வீடா?" அவள் முகம் மலர்ந்தது. "ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவங்க வீடு இதுன்னு சங்கத்துல சொன்னாங்க. உங்கம்மாவா? ஏங்க சொல்லவே இல்ல?"

அவன் கதவிலிருந்து விலகி வழிவிட்டான். அம்மா உள்ளேயிருந்து வந்தாள். போராம் தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி வணங்கினாள்.

"நீங்க மட்டும் அன்னிக்கு வராம இருந்திருந்தா எங்கப்பா செத்திருப்பாருன்னு டாக்டர் சொன்னாரும்மா. இந்த நன்றியை எப்படித் தீர்ப்பேன்னு தெரியல..."

"எந்திரிம்மா... எந்திரி..." அம்மாவின் கைகள் காற்றில் தடுமாறின. "எனக்கு எதுக்கும்மா பழம்? கொண்டுபோய் அப்பாவுக்குக் குடு..."

"அவருக்குத்தான் இன்னும் சாப்பாடே இறங்கலையே."

அவள் போனதும் அம்மா அந்தப் பெட்டியைத் தொடவில்லை. கதவோரமே கிடந்தது. "அந்தப் பொண்ணு உன்னைப் பார்க்கற பார்வையைப் பார்த்தேன்டா," என்றாள். "நீ அவளைப் பார்க்கறதையும் பார்த்தேன். கடவுளே, ஊர்ல வேற பொண்ணே இல்லையா உனக்கு?"

மறுநாள் போராம் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்தாள். அப்பா பார்க்க விரும்புகிறாராம்.

பெரியவர் கட்டிலில் இடுப்பு முதல் முழங்கால்வரை இரும்புச் சட்டத்துக்குள் கிடந்தார். பக்கத்துப் பலகையில் காகிதக் கட்டு. கிசோக்கைக் கண்டதும் எழ முயன்றார், முடியவில்லை. படுத்தபடியே தலையைத் தலையணையிலிருந்து உயர்த்தி வணங்கினார்.

"தம்பி, மூணாவது பிளாக்தானே நீங்க? உங்க வண்டிக்குச் சேதம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லைங்கய்யா."

"அப்பாடா... வயசாயிடுச்சு தம்பி, புத்தி மழுங்கிப்போச்சு. யாரும் கேக்காம ஏன் அதைத் தொட்டேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், வரவே மாட்டேங்குது. இத்தனை வருஷம் ஒரு கெட்ட பேர் இல்லாம இருந்துட்டு, போற காலத்துல இப்படி ஊரைச் சங்கடப்படுத்திட்டேன். என் பொண்ணு முகத்தைப் பார்க்கவே வெட்கமா இருக்கு. உங்கம்மாகிட்டயும் சொல்லுங்க. அவங்க பார்க்கக்கூடாததைப் பார்க்கவேண்டி வந்துடுச்சு. பயந்திருப்பாங்க." காகிதக் கட்டுக்குள்ளிருந்து ஒன்றை உருவி நீட்டினார். "இது உங்க வீட்டுக்கு."

கிசோக் அதை வாங்கவில்லை. வாங்க முடியவில்லை. "இதோ வந்துடறேன்," என்று வெளியே ஓடினான். படிகளில் ஓடினான். கீழ்த்தளத்தில் காரைத் திறந்து அந்தத் திரையைத் தட்டினான். போதும், இப்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். அம்மா சபிக்கட்டும், இவள் காறித் துப்பட்டும். அந்த மனிதர் மட்டும் இன்னொரு மன்னிப்பு எழுதக்கூடாது.

பின்னோக்கித் தள்ளினான். புதன். செவ்வாய்... சுவோன் போன செவ்வாய். ஞாயிறு. சனி. அதற்கு மேல் நகரவில்லை. மறுபடியும் தள்ளினான். அட்டையில் இருக்கிற முதல் பதிவு சனிக்கிழமைக் காலை.

திரையில் மழை பெய்தது. ஒலிபெருக்கியிலிருந்து அவள் குரல் கேட்டது... 'எங்கிட்ட மார்க்கைப் பத்திப் பேசாதீங்க...' பிறகு அந்தச் சிரிப்பு.

பின்பக்கக் கேமராவின் பதிவுகளைத் தேடினான். அதிலும் அதே சனிக்கிழமைதான், ஆன்சான் சாலையும் பின்னால் வந்த லாரியும். ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டான். 'அதிர்வு பதிவாகியுள்ளது' என்றுகூட அது சொல்லவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டான். "அழிஞ்சுபோச்சும்மா. நீ சொன்ன மாதிரியே நான் ஓட்டினேன், அழிஞ்சுபோச்சு. இப்ப நிம்மதியா?"

"நிம்மதியா இருக்கும்னுதாண்டா நெனச்சேன்," என்றாள் அம்மா.

"நான் போய்ச் சொல்லப்போறேன்."

"கையில ஒண்ணுமில்லாமயா? யார் நம்புவாங்க?"

"அவர் நம்புவாரு. அது போதும்."

மேலே வந்தபோது போராம் அப்பாவின் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கிசோக் கட்டில் ஓரம் தரையில் மண்டியிட்டான்.

"ஐயா, உங்களைக் கூப்பிட்டாங்க. நீங்களா போகல. வேலை முடிஞ்சு, சட்டை மாத்திக்கிட்டு, பையோட வீட்டுக்குக் கெளம்பிட்டீங்க. அப்பதான் கூப்பிட்டாங்க. வண்டி உருண்டப்ப நீங்க ஒதுங்கிட்டீங்க. 'பிடிங்க, இடிச்சா நீங்கதான் பதில் சொல்லணும்'னு கத்தினாங்க. அதுக்கப்புறம்தான் ஓடினீங்க. கூப்பிட்டது, கத்தினது... எங்கம்மா."

தலையணை போராமின் கையிலேயே நின்றது.

"என் கேமராவுல இருந்துச்சு. போன வியாழக்கிழமை ராத்திரியே பார்த்துட்டேன். இல்லைன்னு பொய் சொன்னேன். இப்ப நெஜமாவே இல்ல."

பெரியவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூப்பிட்டாங்களா...? நான் கெளம்பிட்டேனா?"

"கெளம்பிட்டீங்கய்யா. வாசல்கிட்ட போயிட்டீங்க."

"நான் தப்புப் பண்ணலையா?"

"நீங்க ஒரு தப்பும் பண்ணல."

அறுபத்தாறு வயது மனிதர், மகள் எதிரில், அறையிலிருந்த மற்ற நோயாளிகள் எதிரில், ஓவென்று அழுதார். கை காகிதக் கட்டைத் தட்டிவிட்டது. தாள்கள் தரையெங்கும் பரவின. யாரும் அவற்றைப் பொறுக்கவில்லை. போராம் அப்பாவின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் கிசோக்கைப் பார்க்கவே இல்லை.

அவர் அழுது ஓய்ந்து தூங்கிய பிறகுதான் வெளியே வந்தாள். மழை விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில், பஸ் நிறுத்தக் கூரையின் கீழ் இருவரும் நின்றார்கள். நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடைவெளி.

"எப்ப அழிஞ்சுது?"

"சுவோன் போயிட்டு வந்தப்பவா இருக்கும்."

"அப்ப ஆன்சான் போறப்ப இருந்துது."

"இருந்துது."

"நான் சிரிச்சேனே, அப்ப?"

"இருந்துது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கோபம் இல்லை, அதுதான் அவனைக் கொன்றது. "ஊர் ஊரா அலைஞ்சேன். தேடினது என் தலைக்கு மேலயே தொங்கிட்டிருந்துச்சு. நான் பேசப் பேச, சிரிக்கச் சிரிக்க, நானே அதை அழிச்சிருக்கேன்."

"நீங்க இல்ல. நான். நாளைக்குப் போலீஸ்ல எழுதிக் கொடுக்கறேன். சங்கத்துலயும் சொல்றேன். ஆதாரம் இல்லாத சாட்சி, என்ன மதிப்பு இருக்கும்னு தெரியாது. அம்மா ஒத்துக்குவாங்களான்னும் தெரியாது. ஆனா மாத்த மாட்டேன்."

"எழுதிக் குடுங்க."

"போராம்..." அவனால் அடக்க முடியவில்லை. சொல்லத் தகுதி இல்லை, நேரமும் இது இல்லை என்று தெரிந்தே சொன்னான். "நான் உங்களைக் காதலிக்கிறேன். நீங்க என்னை விட்டுப் போயிடுவீங்கன்னு பயந்துதான் ஒவ்வொரு நாளும் அந்த அட்டையை எடுக்காம விட்டேன். அம்மாவுக்காகன்னு சொல்லிக்கிட்டேன்... பாதிதான் உண்மை."

அவள் கண்கள் அவன் பக்கம் திரும்பின. முதல் நாள் பார்த்த அதே கண்கள்தான். பார்த்த பார்வைதான் வேறு.

"நேத்து ராத்திரி அப்பா கேட்டார், 'அந்தப் பையனை உனக்குப் பிடிச்சிருக்கா'ன்னு. அதுக்குத்தான் உங்களைப் பார்க்கணும்னு கூப்பிட்டார். வண்டியைப் பத்திக் கேக்க இல்ல." அவள் பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். "ஆமாப்பான்னு சொன்னேன். ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்."

கிசோக் ஒரு அடி முன்னால் வைத்தான்.

"இப்பக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், பொய் சொல்லத் தெரியாது எனக்கு. ஆனா நீங்க 'போராம்'னு கூப்பிடறப்பெல்லாம் உங்கம்மா 'ஐயா'ன்னு கூப்பிட்டதுதான் இனிமே என் காதுல விழும். நான் கேக்கவே கேக்காத கூப்பாடு அது... ஆயுசுக்கும் கேக்குமே, நான் என்ன பண்ணுவேன்?"

பஸ் வந்தது. அவள் ஏறினாள். அவன் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடம் காலியாக இருந்தும், எதிர்ப்பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். பஸ் கிளம்பிப் போனது. கிசோக் காருக்குத் திரும்பவில்லை. நாளைக்குப் போவதாகச் சொன்ன போலீஸ் நிலையத்தைத் தேடி, அந்த மழையில் இப்போதே நடக்கத் தொடங்கினான்.